காய்ந்து கிடந்த பேசின்

அத்தியாயம் 7

ஊரிலேயே மலிவான துப்பறிவாளர் யார் என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் மேனேஜர் மேடத்தைக் கூப்பிட்டிருந்தார். அதை வாசலிலேயே வைத்துச் சொல்லவும் செய்தார். மேடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அவருடைய உதவியாளன் ஒட்டடைக்குத்தான் சுருக்கென்றது.

ஒட்டடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், அதற்கேற்ற சதையை வாங்க மறந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக் குச்சி என்று ஆரம்பித்தார்கள். போகப்போகக் குச்சி உதிர்ந்துவிட்டது. நாற்பது வயதில் அவனே விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டுக்கொண்டான்.

இதற்கு முந்தைய வழக்கு காணாமல் போன ஒரு கணவன். அதற்கு முந்தையது, காணாமல் போகவேண்டிய ஒரு கணவன். இன்றைய வழக்கோ கூலன்ட் திருட்டு. எஞ்சின் சூடேறிவிடாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் திரவத்தை யாரோ திருடுகிறார்களாம். தன் பிழைப்பு இந்த அளவுக்கு வந்துவிட்டதே என்று ஒட்டடை வானத்தைப் பார்த்தான். வானம் பதில் சொல்லவில்லை. போர்டிகோவின் கூரைதான் தெரிந்தது.

மேனேஜர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையை விட்டார், வேலை அவரை விடவில்லை. வீட்டுக்குள்ளேயும் பேனாவை நூல் போட்டு மேஜையோடு கட்டி வைத்திருந்தார். போர்டிகோவில் நின்ற கார் இருபது வருஷத்துக் கிழம். ஒரு வருஷமாக அதன் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் கசிந்துகொண்டிருந்தது. வாட்டர் பம்பை மாற்றச் சொன்னார் மெக்கானிக். மேனேஜர் அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பேசினை வாங்கிக் காருக்கு அடியில் வைத்தார். இரவெல்லாம் சொட்டியதை டிரைவர் காலையில் துணியில் வடிகட்டி மறுபடி ரேடியேட்டரிலேயே ஊற்றவேண்டும். காரின் வியர்வையைக் காருக்கே குடிக்கக் கொடுத்த புண்ணியவான்.

மூன்று வாரமாகக் காலையில் பார்த்தால் பேசின் காய்ந்து கிடக்கிறது. ஆனால் ரேடியேட்டரில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. கசிவு நின்றுவிட்டதென்றால் மட்டம் எப்படிக் குறையும்? டிரைவர்தான் வடித்தெடுத்து வெளியே விற்கிறான் என்பது மேனேஜரின் தீர்ப்பு. ஏட்டையா மூன்று மணிக்கு வருகிறாராம். அதற்குள் மேடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டிரைவர்தான் கூலன்டை எடுக்கிறவன் என்று அவர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"ஒரு வார்த்தைதானே. அதுக்கு எதுக்கு முழு ஃபீஸ்?" என்றார் மேனேஜர்.

டிரைவர் தூணோரமாக நின்றிருந்தான். முகத்தில் மூன்று நாள் தாடி. கையிலிருந்த போனை நிமிஷத்துக்கு ஒரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் மனைவியும் இந்த வீட்டின் பின்னறையில்தான் குடியிருந்தார்கள். கால் விழுந்து படுக்கையில் கிடக்கும் மேனேஜரின் மனைவியை, அதாவது மேனேஜரம்மாவைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை. அவள் போன வாரம் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்; சமையலுக்கு மட்டும் வெளியிலிருந்து ஓர் அம்மா வந்துபோகிறார். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லையாம். காரணம் டாக்டருக்கே பிடிபடவில்லையாம். அவன் லீவு கேட்டான். திருட்டுக்கு ஒரு முடிவு தெரிந்த பிறகு போகலாம், அதற்கு முன் கேட்டைத் தாண்டினால் ஓடிப்போனதாகத்தான் ஏட்டையாவிடம் சொல்வேன் என்றார் மேனேஜர். இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. மேனேஜரே தன் கண்டிப்புக்குச் சான்றாகச் சொல்லிக்கொண்டார்.

மேடம் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "சார், பானெட்டைக் கொஞ்சம் திறங்களேன்."

மேனேஜர் காரின் முன்னால் போய்க் குனிந்தார். விளிம்பில் விரலை விட்டு நெம்பினார். முகப்பில் இருந்த சின்னத்தை இப்படியும் அப்படியும் திருகினார். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். டிரைவர் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு ஒரு பிடியை இழுத்தான். பானெட் டக்கென்று தூக்கிக்கொண்டது.

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஒட்டடைக்கு அந்த அசைவு தெரியும். எதையோ பையில் போட்டுக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். அடுத்து தன்னை எங்கேயாவது நுழையச் சொல்வார் என்றும் அர்த்தம்.

"ஒட்டடை, அடியில போய்ப் பாரு."

"இதுக்குத்தான் ஒல்லியா ஆள் வச்சிருக்கீங்க" என்று முனகிக்கொண்டே படுத்து நகர்ந்தான். தலை உள்ளே போனது. கால் பாதி தெருவில் கிடந்தது. அவன் அண்ணாந்து பார்த்த அதே நேரம் பம்பின் மூட்டிலிருந்து ஒரு சொட்டு பிரிந்து, குறி தவறாமல் அவன் மீசையில் விழுந்தது. நாக்கு தன் இயல்புப்படி அதைத் துழாவியது.

"சொட்டுது மேடம். இனிக்குது."

"துப்பு. போய் வாயை நல்லாக் கொப்புளி" என்றார் மேடம். குரலில் விளையாட்டில்லை. "அது விஷம். குழந்தை, நாய், பூனை எல்லாம் அந்த இனிப்புக்குத்தான் ஏமாறும். உன்னையும் அந்தக் கணக்குல சேத்துக்கறேன்."

ஒட்டடை தோட்டத்துக் குழாயில் ஏழெட்டுத் தரம் கொப்புளித்தான். திரும்பி வந்தபோது மேடம் பேசினைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் காருக்கு அடியில் கிடந்த பேசினில் தூசி இல்லை, பச்சைக் கறை இல்லை. கல்யாணத்துக்குத் துலக்கி வைத்ததுபோல் இருந்தது.

*

மெக்கானிக் பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான். டிரைவர் ஓட்ட, மேடம் முன்னால் உட்கார, ஒட்டடை பின் சீட்டில் மூன்றாக மடிந்துகொண்டான். திருடனைப் பட்டறைவரை அனுப்பவே மேனேஜருக்கு மனசில்லை. மேடம் பிணை நின்றார்.

வெளியே சொட்டவில்லை, உள்ளே குறைகிறது என்று டிரைவர் போனில் சொன்னதை வைத்து மெக்கானிக் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எஞ்சினுக்குள் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போய்விட்டது, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி எரிந்துபோகிறது, அதாவது எஞ்சினே குடிக்கிறது என்றார். அப்படியென்றால் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரவேண்டும், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கவேண்டும். ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். புகை இல்லை. ஆயில் குச்சியை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தார்கள். ஆயில் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"எஞ்சின் குடிக்கலீங்க."

"அப்ப வேற யாரோ குடிக்கறாங்க" என்றான் ஒட்டடை.

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். மெக்கானிக் சிரிக்கவும் செய்தார். மேடம் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி, சிரிக்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்ற டிரைவரைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாவுக்கு முதல்ல என்ன பண்ணுச்சு?"

அவன் தயங்கினான். பிறகு சுற்றிலும் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "தள்ளாட ஆரம்பிச்சா மேடம். பேச்சு குழறுச்சு. ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் வச்சு, உன் பொண்டாட்டி குடிப்பாளான்னு கேட்டாங்க. மோந்துகூடப் பாக்காதவ மேடம் அவ. அதைக் கேட்டப்ப அவளுக்கு நினைவு இருந்துச்சு. அதான் தாங்கல" என்றான்.

ஒட்டடை கேட்காமலே அவனுக்கு ஒரு டீ வாங்கி வந்து கையில் திணித்தான். பேச்சு உதவாத இடத்தில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேடம் இதற்குள் மெக்கானிக்கிடம் வேறு எதையோ விசாரித்திருந்தார். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ரேடியேட்டரில் ஒரு சாயத்தைக் கலப்பது உண்டு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கை அடித்தால், அந்தக் கூலன்ட் பட்ட இடமெல்லாம் மஞ்சள் பச்சையாக மின்னும். இரண்டு மாசம் முன்னால் மெக்கானிக் அதைக் கலந்திருந்தார். மேனேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாயத்துக்கும் பேரம் பேசுவார் என்ற பயம்தான்.

திரும்பி வரும்போது ஒட்டடை கேட்டான். "மேடம், திருடினது டிரைவர் இல்லைன்னு எப்பவோ முடிவு பண்ணிட்டீங்க. எப்படி?"

"ரேடியேட்டரைத் திறக்கத் தெரிஞ்சவன் தேவைப்பட்டதை அங்கேயே எடுத்துக்குவான். பேசின்ல சொட்டுச் சொட்டா விழறதுக்கு ராத்திரி பூரா காத்திருக்க மாட்டான். பேசின்ல இருந்து எடுத்தது, பானெட் எப்படித் திறக்கும்னு தெரியாத ஆளு."

டிரைவரின் கை ஸ்டீயரிங்கில் ஒரு கணம் இறுகியது. ஆனாலும் வண்டி கோடு பிசகவில்லை.

*

நீல விளக்குக்கு அலையவேண்டியிருக்கவில்லை. மேனேஜரின் மேஜைமேல், நூல் கட்டிய பேனாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பால்காரன் மீதி கொடுத்தாலும் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். மேடம் இரவல் கேட்டதும், பேட்டரி தீர்ந்துவிடும், சீக்கிரம் கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

திரைகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். மேனேஜர் வற்புறுத்தியதால் முதலில் பின்னறைக்குப் போனார்கள். கதவின் கைப்பிடி மின்னியது. மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டார். டிரைவரின் உள்ளங்கையில் அடித்தபோது விரல்களெல்லாம் மின்மினிகளாக ஜொலித்தன.

"பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்?"

"தினமும் அந்தக் காரைத் தொடற கை சார். மின்னலைன்னாதான் நான் சந்தேகப்படணும்" என்றார் மேடம். "நீங்கதான் பானெட்டைத் திறந்ததே இல்லையே. எங்க, உங்க கையைக் காட்டுங்க."

காட்டவில்லை. காட்டாத கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அந்த அவசரத்தில் பையிலிருந்த கைக்குட்டை பாதி வெளியே வந்தது. இருட்டில் அது பச்சையாக எரிந்தது. எதையோ வடிகட்டிய கைக்குட்டை. அதைத் தூக்கிப்போட மனசு வராமல் அலசி மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

விளக்கு தரையில் இறங்கியது. போர்டிகோப் படியில் ஒரு பொட்டு. கூடத்தில் இரண்டு. அந்தப் பொட்டுகள் பின்னறைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே சமையலறைக்குப் போய், எலுமிச்சை பிழிகிற கட்டையில் ஏறி உட்கார்ந்தன. அங்கிருந்து இறங்கி மேனேஜரம்மாவின் அறைக்குள் நுழைந்தன. சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவே இல்லாததை ஒட்டடை கவனித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அதைச் சாக்காக வைத்து மேனேஜர் வீட்டுக்கே சர்க்கரை வாங்குவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன.

மேனேஜரம்மா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளை மணி. அதை அடித்தால் டிரைவரின் மனைவி எந்த வேலையில் இருந்தாலும் ஓடிவருவாள். வந்தவர்களை அம்மா நிதானமாகப் பார்த்தார். விளக்கைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை.

மேஜைமேல் அவருடைய கண்ணாடித் தம்ளர். விளிம்பில் லேசாக மின்னியது, அவ்வளவுதான். ஜன்னல் கட்டையில் கைப்பிடி உடைந்த ஒரு கப், வேலைக்காரியான டிரைவரின் மனைவிக்கென்று தனியாக வைத்தது. விளக்கை அதற்குள் காட்டியபோது அடி முழுக்கப் பளபளவென்று எரிந்தது. கப்புக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. செடி கருகி, இலைகள் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டியின் மண், இரவில் மாடியிலிருந்து பார்க்கிற ஊர்மாதிரி மின்னியது.

முதலில் வாயைத் திறந்தவர் மேனேஜர். அவர் தொட்டியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆசையாகச் சமைத்துப் போட்டதை யாரோ கொட்டிவிட்டதுபோல், உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்.

"நீ ஒரு நாள்கூடக் குடிக்கலியா?"

ஒட்டடை இந்தத் தொழிலில் எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலங்களைக் கேட்டிருக்கிறான். இவ்வளவு அங்கலாய்ப்போடு ஒன்றைக் கேட்டதில்லை.

மேடம் மேனேஜர் பக்கம் திரும்பினார். "படுக்கையில கிடக்கறவங்களுக்கு மருந்துச் செலவு, ஆள் செலவு. அவங்க போயிட்டா மிச்சம். கேள்வி வந்தா, கூலன்ட் திருடின டிரைவர் தயாரா இருக்கான், அதுக்குச் சாட்சி சொல்ல மலிவா ஒரு துப்பறிவாளரும் ஏட்டும் இருக்காங்க. எல்லாம் சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. கடையில ஒரு டப்பா புதுசா வாங்கியிருந்தீங்கன்னா இந்தச் சாயம் அதுல இருந்திருக்காது. நானும் உங்களைப் பிடிச்சிருக்க மாட்டேன். சொட்டினது வீணாப் போகுதேன்னு பாத்தீங்க பாருங்க, அங்க மாட்டினீங்க."

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு டப்பா என்ன விலை இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிற முகம்.

இத்தோடு முடிந்தது என்று ஒட்டடை நினைத்தான். மேடத்தின் விளக்கு அணையவில்லை. அது கப்புக்குப் போனது. பிறகு தொட்டிக்குப் போனது. மறுபடி கப்புக்கு வந்தது.

"அம்மா, தெரியாம வேலைக்காரம்மாவுக்குக் குடுத்துட்டீங்கன்னு நினைச்சுக்க எனக்கும் ஆசைதான். இனிப்பு ஆகாது, அவளாவது குடிக்கட்டும்னு குடுத்தீங்கன்னு. ஆனா அவ ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் சமையலுக்கு வர்ற அம்மா இருக்காங்க. அவங்களுக்குக் குடுக்கல. செடிக்கு ஊத்தியிருக்கீங்க. நல்ல ஜூஸை எதுக்குச் செடிக்கு ஊத்தணும்?"

மேனேஜரம்மா போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார். குரல் இதமாக இருந்தது.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஒரு வாய் தண்ணி மொண்டு குடுக்காத மனுஷன். திடீர்னு ஜூஸ் போட்டு எடுத்துட்டு வந்தாரு. வீட்ல சர்க்கரையே கிடையாது, ஆனா இனிச்சுது. நாக்குல வச்சதுமே எடுத்துட்டேன். யாரா இருந்தாலும் யோசிப்பாங்க இல்ல? சந்தேகத்துல போய் ஒருத்தர் மேல பழி போட முடியுமா? அதான் அவகிட்ட குடுத்துப் பாத்தேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு."

"அவங்க தள்ளாட ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருக்குமே" என்றார் மேடம்.

"ரெண்டு மூணு நாள்ல வெறும் தலைசுத்தல்னு சொன்னா. உறுதியாத் தெரிய வேண்டாமா?"

வாசலில் ஏதோ சத்தம். டிரைவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. மேடத்தைப் பார்த்து, "இப்ப டாக்டர்கிட்ட சொன்னா காப்பாத்திடலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டான்.

மேடம் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டார்.

*

ஆட்டோ கிடைக்கிற தெரு இல்லை அது. இருந்த ஒரே வண்டி அந்தக் கார்தான். மேடம் ஏட்டையாவுக்காகக் காத்திருக்க, ஒட்டடை இரண்டு பாட்டில் தண்ணீரோடு டிரைவருடன் ஏறினான். ஊற்றிக்கொண்டு கிளம்பலாமே என்றதற்கு, பட்டறைக்குப் போய்வந்த சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஆறவிட நேரமில்லை என்றான் டிரைவர்.

பாதி தூரத்தில் ஒரு ரயில் கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. டிரைவர் சட்டென்று ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டான். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில், காருக்குள் அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அடித்தது.

"எஞ்சின் சூட்டை நம்ம பக்கம் இழுத்துக்கும் சார். அது கொஞ்சம் மூச்சு வாங்கும்."

ஒட்டடையின் உடம்பில் வியர்க்க என்ன இருக்கிறது என்று மேடம் கிண்டல் செய்வதுண்டு. அன்று இருந்ததெல்லாம் வழிந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் முகமெல்லாம் வழிந்தது. அதில் எது வியர்வை, எது கண்ணீர் என்று ஒட்டடை பார்க்கவில்லை, வேண்டுமென்றே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். முள் சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே நின்று நடுங்கியது. கேட் திறந்தது.

ஆஸ்பத்திரி வளாகத்தில் காரைப் போட்டதும் டிரைவர் இறங்கி ஓடினான். ஒட்டடை இறங்கிச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏட்டு வந்துட்டாரு" என்றார் மேடம். "மேனேஜர் ஸ்டேஷனுக்குப் போக ஒத்துக்கிட்டாரு. ஆனா அந்த நீல விளக்கைச் சாட்சியத்துக்கு எடுத்துட்டுப் போறாங்களே, அதுக்கு ரசீது வேணுமாம்."

போனில் பின்னணியில் கிணிகிணியென்று ஒரு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது என்ன மேடம்?"

"அந்தம்மா. அரை மணி நேரமா அடிக்கறாங்க. பெண் போலீஸ் வர்ற வரைக்கும் நான் கூடத்துல உக்காந்திருக்கேன். தண்ணி பக்கத்துல வச்சிருக்கேன், கைக்கு எட்டும். அது போதும்."

வைத்துவிட்டார். ஒட்டடை குனிந்து பார்த்தான். காருக்கு அடியில் தரையில் பச்சையாக ஒரு சின்னக் குட்டை சேர்ந்திருந்தது. தெரு நாய் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. ஒட்டடை காலால் விரட்டினான். அது போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி விரட்டினான். பேசினைக் கொண்டுவந்திருக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அது சாக்கடைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் புதுச் சொட்டு விழுந்துவிட்டது. நாயும் போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மௌனமான போட்டி வெகுநேரம் நடந்தது.

வெயில் சாய்ந்த பிறகு டிரைவர் வெளியே வந்தான். என்ன விஷம் என்று தெரிந்துவிட்டதால் வைத்தியத்தை மாற்றியிருக்கிறார்கள், பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள், சிறுநீரகம் திரும்புமா என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். வார்த்தை வார்த்தையாகச் சொன்னான்.

"கண்ணு முழிச்சாங்களா?"

"முழிச்சா சார்."

"ஏதாவது பேசினாங்களா?"

டிரைவர் காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டான். பழக்கத்தில் குனிந்து அடியில் பார்த்தான், பேசின் இல்லாததைக் கண்டு நிமிர்ந்தான்.

"'நான் இங்க படுத்துக் கிடக்கறேனே, அம்மா மணி அடிச்சா யாரு போறாங்க'ன்னு கேட்டா சார். 'பாவம், எனக்குன்னு தினமும் ஜூஸ் குடுத்தாங்க'ன்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆள் இருக்குன்னு சொன்னேன்."

ஒட்டடை மீதியிருந்த தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினான். நாய் மறுபடி வந்தது. இந்தத் தரம் இரண்டு பேருமாக அதை விரட்டினார்கள்.